நூலகப் பணியாளருக்கான மாத மடல்: முதல் இதழைத் தயாரிக்கும் விதம்

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். பொது நூலகங்கள் இந்தச் சபைகளுக்குக் கீழேதான் இயங்குகின்றன. பயிற்சி அறிவித்தல் ஒன்று வந்தால் அது முதலில் சபைச் செயலாளரின் மேசைக்குப் போகும், பிறகு கோவைக்குள் போகும். வாசிகசாலையில் பத்திரிகை அடுக்கும் உதவியாளரின் காதுக்கு அது எட்டும்போது முடிவுத் திகதி போய்விட்டிருக்கும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் மாத மடல். அழகு பிறகு வரட்டும்.

1. ஒரு தாள், இரண்டு பக்கம்

ஏ4 தாள் ஒன்று போதும். 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 300 சொற்கள் பிடிக்கும். முன்பக்கம் முழுக்க வாய்ப்புகள்: பதவி வெற்றிடம், பயிற்சி, பரீட்சை, பாடநெறி. செய்தி பின்பக்கத்துக்கு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மாலை போட்ட படம் முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும், விண்ணப்ப முடிவுத் திகதி பின்பக்க மூலையில் ஒளிந்திருக்கும். அறிவித்தல் பலகையில் குத்தியபின் பின்பக்கத்தை யார் திருப்பிப் பார்ப்பார்?

2. எங்கே தேடுவது

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். முழுவதையும் படிக்க வேண்டாம். முதலாம் பகுதி, தொகுதி இரண்டு (அ) விளம்பரப் பகுதி. அதில் வெற்றிடங்களும் பரீட்சைகளும் வரும். நான்காம் பகுதி (ஆ) உள்ளூராட்சிக்குரியது. இந்த இரண்டையும் பார்க்க அரை மணித்தியாலம் போதும். உள்ளூராட்சி நூலகப் பணியாளர் மாகாண அரச சேவைக்குள் வருவதால், வடக்கு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அறிவித்தல்களையும் கிழமைக்கு ஒருதடவை பாருங்கள்.

பயிற்சி, படிப்பு என்றால் இடம் வேறு. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. டிப்ளோமா நடத்தும் இலங்கை நூலகச் சங்கம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய நூலக தகவல் விஞ்ஞான நிறுவகம். களனிப் பல்கலைக்கழகத்தின் நூலகத் துறை. இரண்டாம் மொழித் தேர்ச்சிக்கு அரசகரும மொழிகள் திணைக்களம். சிங்களப் பரீட்சையைத் தள்ளிப் போட்டுச் சம்பள ஏற்றத்தில் மாட்டிக்கொள்பவர் ஒவ்வொரு சபையிலும் இருப்பார், அந்த அறிவித்தலை ஒருமாதமும் தவற விடாதீர்கள்.

கிடைத்ததை ஒரு சீ.ஆர். கொப்பியில் பதியுங்கள்: கண்ட திகதி, எங்கே கண்டது, யாருக்கு, முடிவுத் திகதி, உறுதிசெய்தவர், மடலில் போட்ட மாதம். "வெற்றிடம் வரப்போகுதாம்" என்ற கதைக்கு இந்தக் கொப்பியில் இடமில்லை. கடிதமோ வர்த்தமானியோ கையில் இருந்தால் மட்டும் பதியுங்கள்.

3. ஒரு பதிவை எழுதுவது

அறிவித்தலின் தலைப்பை அப்படியே தூக்கிப் போட்டால் யாரும் நின்று வாசிக்க மாட்டார்கள். "யாருக்கு" என்பதில் தொடங்குங்கள். ஒரு மாதிரி:

*யாருக்கு: நிரந்தர நியமனம் பெற்ற நூலக உதவியாளர். கணினி தெரிந்திருக்கத் தேவையில்லை.*
*என்ன: பழுதான நூல்களைத் தைத்துக் கட்டும் பயிற்சி, 2 நாள், காலை 9 முதல் மாலை 4 வரை.*
*மொழி: தமிழ்.*
*செலவு: கட்டணம் இல்லை. மதியச் சாப்பாடு உங்களது.*
*விடுமுறை: கடமை விடுமுறை, செயலாளரின் எழுத்து அனுமதியுடன்.*
*நீங்கள் விண்ணப்ப வேலையைத் தொடங்க வேண்டியது: 12 ஆம் திகதிக்குள். பயிற்சி நடத்துபவருக்குக் கிடைக்க வேண்டியது: 28 ஆம் திகதிக்குள்.*

மொழி என்ற வரியில்தான் அதிகம் பிழை வரும். "மும்மொழியிலும்" என்று அச்சிட்டிருந்தாலும், போதிய ஆட்கள் சேராவிட்டால் தமிழ்மொழிமூல வகுப்பு தொடங்காமல் போகலாம். தொலைபேசி எடுத்து, எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு தொடங்கும் என்று கேட்டு, அந்த எண்ணிக்கையை மடலில் எழுதுங்கள். அதைப் பார்த்து நான்கு சபைகளில் இருந்து ஆட்கள் சேர்ந்தால் வகுப்பே தொடங்கிவிடக்கூடும்.

அடுத்த பொறி சேவைக்காலம். "5 வருட திருப்திகரமான சேவை" என்றால் எந்தத் திகதியில் இருந்து? முதல் நியமனத்தில் இருந்தா, நிரந்தரமாக்கிய நாளில் இருந்தா? எந்த நாள் வரை கணக்கு? விண்ணப்ப முடிவுத் திகதியில் வைத்துத்தான் பெரும்பாலும் கணிப்பார்கள், என்றாலும் அறிவித்தலின் அந்த வரியைச் சுருக்காமல் அப்படியே எடுத்தெழுதுங்கள். தமிழ்ப் பிரதியில் ஐயம் இருந்தால் சிங்கள, ஆங்கிலப் பிரதிகளோடு திகதியையும் எண்களையும் ஒத்துப் பாருங்கள். முரண்பாடு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதைப் பல அறிவித்தல்களின் கடைசிப் பந்தியிலேயே போட்டிருப்பார்கள்.

4. இரண்டு திகதி ஏன்?

மேலே 28, 12 என்று இரண்டு திகதிகள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். "அன்று அல்லது அதற்கு முன்னர் கிடைக்கக்கூடியதாக" என்று எழுதியிருந்தால், 28 ஆம் திகதி தபாலில் போட்டது பிந்தியதுதான். பின்னோக்கி எண்ணுங்கள்: பதிவுத்தபால் கொழும்புக்குப் போக 3 வேலைநாள், செயலாளர் பரிந்துரைத்துக் கையெழுத்து வைக்க 5, விண்ணப்பதாரி சான்றிதழ்ப் பிரதிகளைச் சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்த 3. ஆக 11 வேலைநாள். இடையில் இரண்டு சனி ஞாயிறும் ஒரு போயா (பௌர்ணமி) விடுமுறையும் விழுந்தால் 16 நாள். அதனால்தான் 12.

நூலகம் சனி ஞாயிறிலும் திறந்திருப்பதால் நம்மவர்கள் அந்த நாட்களையும் வேலைநாளாக எண்ணிவிடுவார்கள். கையெழுத்து வைக்கும் கந்தோர் பூட்டியிருக்குமே! சபையின் நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும்.

12 ஆம் திகதி முடிகிற ஒன்றை 15 ஆம் திகதி வரும் மடலில் போட்டுப் பயனில்லை. அப்படிப்பட்டதை அரைத்தாளில் தனியாக அடித்து அன்றைக்கே அனுப்புங்கள். கடித உறையின் இடதுபக்க மேல்மூலையில் பதவியின் பெயரை எழுத வேண்டும் என்று அறிவித்தலில் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சின்ன விசயந்தான், ஆனால் அதை எழுதாமல் விட்டால் உறை தவறான கட்டுக்குள் போய்விடக்கூடும்.

5. பின்பக்கம்

ஓய்வு, இடமாற்றம், புதிய பிரிவு, நூற்பட்டியலைக் கணினிக்கு மாற்றும் வேலை, ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாத ஒழுங்குகள். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரி. இடமாற்றத்தைக் கடிதம் கையெழுத்தாகும் முன் போடாதீர்கள். அடையாள அட்டை இலக்கம், சொந்தத் தொலைபேசி இலக்கம் எதுவும் வேண்டாம்.

மே இதழில் யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டதைப் பற்றி எழுதச் சொல்வார்கள். நான்கு வரி போதும், ஆனால் சரியாக எழுதுங்கள்: மே 31 இரவு தொடங்கியது, அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். இந்த எண்ணை "ஒரு இலட்சம்" என்று ஊதிவிடுவது நூலகப் பணியாளரின் மடலுக்கு அழகல்ல.

6. தட்டச்சு

சபைகளில் இருந்து வரும் செய்திகளில் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கும். அதை வெட்டி வைபரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும், ஏனெனில் பாமினியில் தமிழ் உருவம் ஆங்கில எழுத்துகளின் மேல்தான் ஏற்றப்பட்டிருக்கிறது. எழுத்துரு மாற்றி ஒன்றினால் யூனிகோட்டுக்கு மாற்றி, பிறகு மூன்றை மட்டும் கண்ணால் பாருங்கள்: கொம்பு, கிரந்த எழுத்துகள், இலக்கங்கள். "கொ", "மொ" போன்றவற்றில் கொம்பு ஒருபக்கமும் கால் மறுபக்கமும் பிரிந்து நிற்கும். இடையில் ஆங்கிலத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியையும் மாற்றி தமிழாக்கிவிடும், அதை மீண்டும் கையால் அடிக்க வேண்டும். முடிந்ததும் பிடிஎஃப் ஆக்கி, வேறொரு தொலைபேசியில் திறந்து பாருங்கள்.

7. அனுப்புதல்

17 சபைச் செயலாளர்களுக்கும் முகப்புக் கடிதத்துடன் ஒவ்வொரு பிரதி. கிளை நூலகங்களுக்கு வைபரிலும் ஒன்று. வைபர் மட்டும் போதாது. குழுவில் இல்லாதவர்தான் பெரும்பாலும் அந்த வாய்ப்புக்குத் தகுதியானவர். அறிவித்தல் பலகைப் பிரதியின் கீழே பெயரும் கையெழுத்தும் வைக்க ஒரு சிறு அட்டவணை விடுங்கள். "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு அதோடு குறையும்.

நெடுந்தீவுக்குத் தனிக் கணக்கு. காலை 9 மணிக்கு நகரத்தில் பயிற்சி என்றால், தீவில் இருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வரும் முதல் படகையும் அங்கிருந்து வரும் பஸ்ஸையும் விசாரித்து, முதல்நாளே புறப்பட வேண்டுமா என்று மடலில் ஒரு வரி சேருங்கள். பயிற்சி நடத்துபவரிடம் 10 மணிக்குத் தொடங்க முடியுமா என்று கேட்பதும் நீங்கள்தான் செய்ய வேண்டியது. காரணத்தைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், மறுமொழி வந்ததும் பலகைப் பிரதியில் நேரத்தைச் சிவப்புப் பேனாவால் திருத்துங்கள்.