கீசெயினை நெக்லஸ் ஆக்கும்போது கவனிக்காமல் விடுபவை

கோச், கேட் ஸ்பேட், மைக்கேல் கோர்ஸ் மாதிரியான பிராண்டுகளின் கைப்பை பலருக்கு எட்டாத விலை. அதே பிராண்டின் கீசெயினோ, பையில் அழகுக்காக மாட்டும் சின்னத் தொங்கலான சார்மோ தள்ளுபடி நேரத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைத்துவிடும். அதைக் கழற்றி ஒரு செயினில் கோத்தால் நெக்லஸ். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் பலருக்கு முடிவு சாவிக்கொத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி வந்துவிடுகிறது.

அந்தப் பொருள் பைக்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிடுகிறோம். பையில் தொங்கும்போது அதன் எடை யாருக்கும் தெரியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பரவாயில்லை. வியர்வை படாது. பின்பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. கழுத்துக்கு வந்ததும் இந்த நான்கும் மாறிவிடும். கீழே சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைப்பவைதான்.

எடை போடாமல் வாங்குவது

போட்டோவில் பார்த்து ஆசைப்படும் எல்லாமே டாலராகத் தொங்காது. நகைக்கு நம் வீட்டில் தெரிந்த கணக்கு சவரன். ஒரு சவரன் 8 கிராம். சார்மின் எடை 16 கிராமுக்குள், அதாவது இரண்டு சவரனுக்குள் இருந்தால் சாதாரணச் செயினும் தாங்கும், கழுத்தும் தாங்கும். பூட்டு வடிவத்தில் வரும் பித்தளைச் சார்ம்கள் சில 30 கிராமைத் தாண்டும். நாலு சவரன் ஆரம் போட்டுப் பழகியவருக்கு இது ஒரு எடையா என்று தோன்றலாம். ஆரத்தில் எடை கழுத்தைச் சுற்றிப் பரவியிருக்கும். இங்கே முழு எடையும் ஒரே வளையத்தில் தொங்குகிறது. செயின் பிடரியை அறுக்கும். குனிந்தால் டாலர் முன்னால் ஆடி மேஜையில் மோதும். ஆன்லைனில் வாங்கினால் எடை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கையில் வந்த பிறகு ஒரு நூலில் கட்டி, ஒரு மணி நேரம் கழுத்தில் போட்டுக்கொண்டு வீட்டு வேலை பாருங்கள். அதிலேயே பதில் தெரிந்துவிடும்.

தோல் குஞ்சம், துணிப் பூ வைத்த சார்ம்களை நான் தொடவே மாட்டேன். சென்னை வெயிலில் ஒரு மே மாதம் போதும், தோல் கறுத்து நாற்றமெடுக்க. தனியாக விற்கும் பட்டன், ஜிப்பின் இழுப்பு ஆகியவற்றை ‘ஒரிஜினல்’ என்று நம்பி வாங்குவதும் வேண்டாம். பில்லோடு வந்த முழுப் பொருளைப் பிரிப்பதுதான் பாதுகாப்பு.

வளையத்தில்தான் எல்லாம் இருக்கிறது

மலிவாகத் தெரிவதற்கும் விலை உயர்ந்ததாகத் தெரிவதற்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் அந்தச் சின்ன வளையம். முதல் தவறு, கீசெயினோடு வந்த இரட்டைச் சுற்று வளையத்தையும் பெரிய கிளிப்பையும் அப்படியே விட்டுவிட்டு அதற்குள் செயினை நுழைப்பது. சாவிக்கொத்து என்று காட்டிக்கொடுப்பதே அவை இரண்டும்தான். கழற்றிவிடுங்கள். வெட்ட வேண்டாம், நோஸ் பிளையரால் பொறுமையாகத் திறந்து எடுத்து, பில்லோடு சேர்த்து ஒரு கவரில் போட்டு வையுங்கள். சலித்துப்போய் விற்க நினைத்தால் முழுமையாக இருக்கும் பொருளுக்குத்தான் விலை கிடைக்கும். இதே காரணத்துக்காக, துளை போடுவது, அறுப்பது, ராவுவது என்று திரும்ப முடியாத எந்த வேலைக்கும் நான் எதிரி.

அடுத்தது திசை. டாலர் முன்பக்கம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் அதிகம் கேட்கும் புகார். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. சார்மை முகம் பார்க்கும்படி பிடியுங்கள். மேலே உள்ள துளை நேராகக் கண்ணுக்குத் தெரிகிறதா, அதன் வழியே அந்தப் பக்கம் பார்க்க முடிகிறதா? அப்படியானால் நடுவில் ஒரே ஒரு வளையம் போடுங்கள். செயின் அந்த வளையத்துக்குள் ஓடினால் டாலர் முன்னோக்கி நிற்கும். இன்னொன்று சேர்த்தால் கால்வட்டம் திரும்பிவிடும். மூன்று போட்டால் மறுபடி சரியாகும். துளை பக்கவாட்டில்தான் தெரிகிறது என்றால், செயினை நேராக அதிலேயே கோக்கலாம், இல்லையென்றால் இரண்டு வளையம். வளையம் ஒவ்வொன்றும் முந்தையதற்குக் குறுக்காக நிற்கும் என்பதுதான் இதன் சூட்சுமம். கடைக்காரர் ‘சும்மா ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டுத் தரேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்ல இது உதவும்.

வளையத்தைத் திறக்கும் விதமும் உண்டு. இரண்டு முனைகளையும் வெளிப்பக்கமாக இழுத்து அகற்றினால் வட்டம் போய்விடும். திரும்ப மூடினாலும் முட்டை வடிவம்தான், இடைவெளியும் நிற்கும். ஒரு முனையை முன்னாலும் மறுமுனையைப் பின்னாலும் திருகித் திறக்க வேண்டும், அதே வழியில் திருகி மூட வேண்டும். பிளையரின் பற்கள் முலாமில் கோடு போடும், அதனால் பல் இல்லாத பிளையர் வாங்குங்கள்; இல்லாவிட்டால் முனையில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்ளலாம். கம்பி 1 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கட்டும். ஃபேன்சி மெட்டீரியல் கடைகளில் பாக்கெட்டாக விற்கும் மெல்லிய வளையங்கள் கம்மலுக்குச் சரி, 15 கிராம் டாலருக்குப் போதாது; பேருந்துக் கூட்டத்தில் ஒரு இழுப்பில் வாய் பிளந்துவிடும்.

ஆசாரியிடம் கொண்டுபோகும் முன்

வளையம் பிரியாமல் இருக்க ஊதிப் பற்றவைத்துவிடலாம் என்று பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அது சரியான வழி. ஆனால் நடுத்தர விலைச் சார்ம்கள் பல ஜமாக் என்ற வார்ப்பு உலோகத்தில் செய்யப்படுகின்றன. துத்தநாகத்தோடு அலுமினியம், மெக்னீசியம், செம்பு கலந்தது. அது 380 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பித்துவிடும். ஒட்டுவதற்கு உருக்கி ஊற்றும் உலோகமான வெள்ளிப் பற்றாசு உருகவே 600 டிகிரிக்கு மேல் வேண்டும். பற்றாசு இளகும் முன்பே டாலர் இளகி, எழுத்தும் சின்னமும் கரைந்துபோகும். காந்தத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, பித்தளையிலும் காந்தம் ஒட்டாது. சந்தேகம் இருந்தால் ஊதுகுழலே வேண்டாம். தடித்த எஃகு வளையம் போடுங்கள், அல்லது லேசர் வெல்டிங் மெஷின் உள்ள பட்டறையில் வளையத்தின் வாயை மட்டும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். அதில் சூடு அந்தப் புள்ளியைத் தாண்டி அதிகம் பரவாது.

ஃபெவிகுவிக் பற்றியும் ஒரு வார்த்தை. கல் விழுந்தது, எனாமல் பெயர்ந்தது என்றால் கை முதலில் போவது அதற்குத்தான். அந்த வகைப் பசை காயும்போது எழும் ஆவி சுற்றிலும் வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி படியும்; பளபளப்பான கல்லும் முலாமும் மங்கிவிடும். இரண்டு டியூப்பிலிருந்து கலக்கும் அரால்டைட் மாதிரியான பசையைக் குண்டூசி முனையில் எடுத்து வைத்து, ஒரு ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள்.

தங்க நிறத்தில் எத்தனை தங்க நிறம்

நம்மூர் கவரிங் செயின் 22 கேரட்டின் அடர் மஞ்சளைப் பிடிக்கப் பார்ப்பது. அமெரிக்க, ஐரோப்பிய பிராண்டுகளின் சார்ம்கள் பெரும்பாலும் வெளிர் மஞ்சள். 14, 18 கேரட் நகையின் சாயல். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் இரண்டுமே போலியாகத் தெரியும். விலை கொடுத்து வாங்கிய டாலரை 300 ரூபாய் செயின் கவிழ்ப்பது இப்படித்தான். கடையின் மஞ்சள் விளக்குக்குக் கீழே நிறம் பொருந்துவது போலவே இருக்கும். சார்மைக் கையோடு கொண்டுபோய், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பொருந்தவே இல்லை என்றால் பொருத்த முயலாதீர்கள், வேறு பொருளுக்கு மாறிவிடுங்கள்: கறுப்புப் பட்டுக் கயிறு, சின்ன முத்துச் சரம், வெள்ளி. என் கண்ணுக்கு, தங்கநிறச் சார்முக்குக் கறுப்புக் கயிறு பல சமயம் செயினைவிட உயர்வாகத் தெரிகிறது.

‘தங்க முலாம்’ என்ற சொல்லுக்குள் பெரிய வித்தியாசங்கள் ஒளிந்திருக்கின்றன. அமெரிக்க விதிப்படி ‘கோல்டு ஃபில்டு’ என்றால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்காவது தங்க அடுக்கு இருக்க வேண்டும். ‘வெர்மெய்’ என்றால் வெள்ளியின் மேல் குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). வெறுமனே ‘கோல்டு பிளேட்டட்’ என்று விற்பவற்றில் பல ஒரு மைக்ரானைக்கூட எட்டாதவை. தினமும் போடுவதாக இருந்தால் முதல் இரண்டில் ஒன்றையோ 316 எல் என்ற வகைத் துருப்பிடிக்காத எஃகையோ தேடுங்கள்.

செயின் வடிவத்தில், பாம்புச் செயினைத் தவிருங்கள். கனமான டாலரைத் தொங்கவிட்டால் அது ஒரு இடத்தில் மடங்கும், மடங்கிய இடம் நிமிராது. கோதுமைச் செயின், முறுக்குச் செயின், சாதாரண வளையச் செயின் எல்லாம் எடையைத் தாங்கும். செயினின் கொக்கி முனை டாலர் வளையத்துக்குள் நுழையுமா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். நீளத்துக்குக் கண்ணாடி முன் நூலால் அளப்பதே வழி: 16 அங்குலம் கழுத்தடியில் நிற்கும், 18 காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, 24 நெஞ்சு வரை வரும். குர்த்தாவின் கழுத்து ஓரத்தில் சரியாக வந்து இடிக்கும் நீளம்தான் மோசமானது. பின்னால் இரண்டு அங்குலம் கூட்டிக் குறைக்கும் சங்கிலி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

தோலும் வியர்வையும்

முலாமுக்கு அடியில் நிக்கல் பூசுவது உலோக வேலையில் வெகு சாதாரணம். பையில் தொங்கும் பொருளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல, கழுத்தில் அரிப்பும் தடிப்பும் வரலாம். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகும் என்றால் முன்னெச்சரிக்கையாக இருங்கள். டைமெத்தில்கிளையாக்சைம் அடிப்படையிலான சோதனை திரவம் கிடைக்கிறது. பஞ்சில் தொட்டுத் தேய்த்தால், நிக்கல் கசிந்தால் இளஞ்சிவப்பாக மாறும். பின்பக்கம் நெயில் பாலிஷ் அடிக்கச் சொல்வார்கள். அது வியர்வையில் சீக்கிரமே உரிந்து, திட்டுத்திட்டாக நின்று, பார்க்க இன்னும் கேவலமாகிவிடும். அலர்ஜி இருப்பவர்கள் சட்டைக்கு மேலே படும்படி நீளமாகப் போடுவது நல்லது.

சுத்தம் செய்வதில் நம் வீட்டுப் பழக்கமே எதிரி. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்த கை, கறுத்த டாலரைப் பார்த்ததும் புளியைத் தேடும்; இல்லையென்றால் டூத்பேஸ்ட். புளியின் அமிலமும் பேஸ்ட்டின் தூளும் கட்டிப் பித்தளைக்குச் சரி, ஒரு மைக்ரான் முலாமுக்கு எமன். கழற்றியதும் மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தாலே போதும். சென்ட் அடித்துக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

விற்க ஆசை வந்தால்

நாலு பேர் ‘எங்கே வாங்கினே?’ என்று கேட்டதும் இன்ஸ்டாகிராமில் கடை போடத் தோன்றும். இங்கே கவனம் தேவை. சின்னம் பொறித்த பட்டன்களை நகையாக்கி விற்ற ஷிவர் அண்ட் டியூக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் 2021-இல் ஷனேல் வழக்குப் போட்டது. அதே ஆண்டு, பழைய பைகளை வெட்டிப் புதுப் பொருள் செய்த சாண்ட்ரா லிங் டிசைன்ஸ் மேல் லூயி வுய்ட்டானும் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தது. பழைய ஹாமில்டன் பாக்கெட் கடிகாரங்களைக் கைக்கடிகாரமாக மாற்றி விற்ற வோர்டிக் என்ற நிறுவனமோ தன் மேல் வந்த வழக்கில் 2020-இல் வென்றது. பாகம் எங்கிருந்து வந்தது, செய்தது யார் என்பதை விளம்பரத்திலும் பொருளிலும் தெளிவாகச் சொல்லியிருந்தது அதற்குக் கைகொடுத்தது. இந்தியாவிலும், 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 30-வது பிரிவு, சந்தைக்கு வந்த பிறகு மாற்றப்பட்ட பொருளின் மறுவிற்பனையை எதிர்க்கச் சின்னத்தின் உரிமையாளருக்கு இடம் தருகிறது. ‘ஒரிஜினல் டிசைனர் நெக்லஸ்’ என்று தலைப்புப் போட்டு விற்பது தானாகப் போய் மாட்டிக்கொள்வது.

உங்களுக்கே போட்டுக்கொள்வதில் சிக்கல் எதுவும் இல்லை. நாத்தனாருக்குப் பிறந்தநாள் பரிசாகவும் தரலாம். கீசெயினில் செய்தது என்பதை மட்டும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கொக்கி அறுந்த அன்றைக்கு அவர் அதை எடுத்துக்கொண்டு நேராக ஷோரூமுக்குப் போய் நிற்பார்.