பாதாளச் சாக்கடை கேட்கப் போகிறீர்களா? பட்ஜெட்டைப் படித்துவிட்டுப் போங்கள்

நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் மனு எழுதும் வேலை என் தலையில்தான் விழுகிறது. வருகிற கோரிக்கைகளில் பாதி பாதாளச் சாக்கடைதான். குழாய் பதிக்க மத்திய அரசின் அம்ருத் திட்டமோ, மாநில மானியமோ, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோ எப்படியாவது வந்து சேரும். பதித்த பிறகு மோட்டார் ஓட்டவும் அடைப்பு எடுக்கவும் மாதாமாதம் யார் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் இருக்கிற மனுவைத்தான் அதிகாரிகள் இரண்டாவது பக்கம் புரட்டுவார்கள்.

ஆண்டு வரவு செலவுத் திட்டம், போன ஆண்டின் கணக்கு, வரிவாரியான கேட்பு-வசூல்-நிலுவைப் பட்டியல் (கட்டச் சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு). இந்த மூன்றும் கையில் வேண்டும். இணையதளத்தில் இல்லையென்றால் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பட்ஜெட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். தமிழ்நாட்டு நகராட்சிகளில் பணம் தனித்தனி நிதிகளாக இருக்கும்: வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி. நேராக இரண்டாவதற்குப் போங்கள். வரவில் மானியத்தையும் டெபாசிட்டையும் பென்சிலால் அடித்துவிடுங்கள், அவை ஒருமுறை வந்து போகிற பணம். மிச்சமிருக்கும் வரியும் கட்டணமும் சம்பளம், மின்கட்டணம், குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தர வேண்டிய தொகை, கடன் வட்டி இவற்றுக்குப் போதுமா என்று கூட்டிப் பாருங்கள். பல ஊர்களில் போதாது. அங்கே புதுத் திட்டம் வந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகும்.

அப்புறம் நிலுவைப் பட்டியல். நடப்பு ஆண்டு வசூலையும் பழைய பாக்கி வசூலையும் பிரித்துப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்கிற சதவீதம் எதையும் காட்டாது. பழைய பாக்கி பெரிதாக இருந்தால், முதல் இருபது பாக்கிதாரர் யார் என்று கேளுங்கள். ஓட்டு வீட்டுக்காரர்கள் அதில் இருக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

இதைச் சரியாகச் செய்த ஊர் ஆலந்தூர். சென்னை மாநகராட்சியோடு 2011-ல் இணையும் முன் அது தனி நகராட்சி. 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் டெபாசிட் கேட்டார்கள். அன்றைக்கு அது பெரிய தொகை. தெருத் தெருவாகப் போய்ப் பேசி வசூலித்தார்கள். மாதக் கட்டணமும் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மக்கள் பணம் கட்டுகிறார்கள் என்று தெரிந்ததால் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் கடன் கொடுத்தது. சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி நடத்தத் தனியார் முன்வந்தார்கள்.

ஆகவே உங்கள் மனுவில் தெருப் பெயர், வீடுகளின் எண்ணிக்கை, டெபாசிட்டும் மாதக் கட்டணமும் கட்டச் சம்மதிப்போர் கையெழுத்து, கட்ட முடியாத குடும்பங்களுக்குத் தவணை வேண்டும் என்ற கோரிக்கை, இத்தனையும் இருக்கட்டும். முக்கியமாக, சாக்கடை நீரை மோட்டார் வைத்து ஏற்றி அனுப்பும் கழிவுநீரேற்று நிலையத்துக்கு இடம் சொல்லுங்கள். சாக்கடை எல்லோருக்கும் வேண்டும், ஏற்று நிலையம் மட்டும் அடுத்த தெருவில் இருக்க வேண்டும்! எங்கள் சங்கத்தில் இதற்கே மூன்று கூட்டம் சண்டை.

மனுவைப் பகுதி சபாவில் கொடுங்கள். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்தில் வார்டு மக்கள் கூடுகிற சபை இது. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் இந்தச் சபைகள் கூடத் தொடங்கின. வார்டு கவுன்சிலர்தான் தலைவர். வாயால் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போகும். தீர்மானமாகப் பதியச் சொல்லி நகல் வாங்குங்கள். பட்ஜெட் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் வரும், ஆனால் மதிப்பீடு தயாராவது அதற்கு முன்பே. எனவே டிசம்பருக்குள் கவுன்சிலரிடமும் பொறியாளரிடமும் நகல் போய்விட வேண்டும்.

பட்ஜெட்டில் திட்டம் இடம்பெற்றுவிட்டால் சங்கத்தில் லட்டு கொடுப்பார்கள். சாப்பிடுங்கள். அடுத்த ஆண்டு புத்தகம் வந்ததும் அந்தத் திட்டத்துக்கு நேரே 'திருத்திய மதிப்பீடு' என்ற பத்தியைப் பாருங்கள். ஒதுக்கியதில் எவ்வளவு செலவாகும் என்று ஆண்டின் நடுவில் திருத்திப் போட்ட கணக்கு அது. அங்கே சுழியம் இருந்தால், மறுபடி பத்து ரூபாய் ஸ்டாம்ப் வாங்க வேண்டியதுதான்.