தேங்காய் தாங்கும் தாம்பூலப் பை

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு வளைகாப்புக்குக் கடையில் வாங்கிய தாம்பூலப் பைகள் பார்வைக்கு அழகு. தேங்காய் போட்டதும் அடித்தையல் விட்டுவிட்டது. அண்ணன் மகள் திருமணத்துக்கு நானே தைத்தேன்.

காடாத் துணி சுருங்கும் என்பதால் முதலில் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்டேன். 11 அங்குல அகலம், 28 அங்குல நீளத்தில் ஒரே துண்டாக வெட்டி நடுவில் மடித்தால் அடியில் தையலே வராது. பிறகு எது பிரியும்? பக்கங்களை நல்ல புறம் வெளியே இருக்கக் கால் அங்குலத்தில் தைத்து, பிசிறை நறுக்கி, பையைத் திருப்பி அரை அங்குலத்தில் மறுபடி தைத்தேன். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிட்டது, ஓரம் பிரியாமலிருக்க அடிக்கும் ஓவர்லாக் தையல் தேவைப்படவில்லை.

உண்மையான தொல்லை கைப்பிடிதான். நாடாவை வாய்மடிப்புக்குள் நுழைத்து, சதுரமாகத் தைத்து, அதற்குள் பெருக்கல் குறிபோலக் குறுக்குத் தையல் போட்டேன். அங்கே துணி தடிக்கும். 14ஆம் எண் ஊசி திணறியது, 16 போட்டதும் சீராக ஓடியது.

அடி மூலைகளை முக்கோணமாக்கி 2 அங்குலம் குறுக்கே தைத்தால் தேங்காய் உருளாமல் உட்காரும். மணமக்கள் பெயரை அச்சடிக்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அச்சில்லாத பையைத்தான் உழவர் சந்தைக்குக் கூச்சமின்றி எடுத்துப்போகிறார்கள்.