மாணவர் இசை இதழின் அட்டையை நான் திருத்திய விதம்

கும்பகோணத்தில் ஊடகவியல் படித்தபோது, செய்முறைப் பாடத்துக்காக நாதஸ்வரத்தை மையமாக வைத்து ஓர் இசை இதழை வடிவமைத்தேன். 2022இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தை, பழைய ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யும் பட்டறையில் எடுத்த படமே அட்டைப்படம். திரையில் பளிச்சென்று தெரிந்த அந்தப் படம் அச்சில் சேற்று நிறமாக மங்கி, ஓரங்கள் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. கோப்பு திரைக்குரிய ஆர்ஜிபி வண்ண முறையில் இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதால் படமும் சுருங்கியிருந்தது. கேமராவிலிருந்த மூலப்படத்தை அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்கும்படி வைத்து, அச்சு மைகளுக்குரிய சிஎம்ஒய்கே வண்ண முறைக்கு மாற்றி, நிழற்பகுதிகளைச் சற்று வெளிச்சப்படுத்தியபின், நான் மிகவும் நேசித்த அந்த மரத்தின் ரேகைகள்கூடத் தெளிவாக விழுந்தன.

மதிப்பீட்டு அறிக்கைக்குத்தான் அதிகம் உழைத்தேன். நண்பர்கள் பாராட்டினர் என்று மட்டும் எழுதிய முதல் வரைவை ஆசிரியர் திருப்பித் தந்தார்; அது நியாயமே. பிறகு அட்டையைச் சிலரிடம் ஐந்து விநாடி மட்டும் காட்டி, இது எதைப் பற்றிய இதழ் என்று கேட்டேன். பெரும்பாலானோர் கோயில் விழா மலர் என்றனர். தலைப்பெழுத்தின் வளைவும் காவி நிறமுமே அப்படி எண்ண வைத்தன. தலைப்பைத் தடித்த நேர் எழுத்தாக்கி, பின்னணியைக் கருநீலமாக்கி, உளியைவிட நாதஸ்வரம் பெரிதாகத் தெரியும்படி படத்தை வெட்டி மறுபடியும் காட்டியபோது, இசை என்ற விடை வந்தது. இரண்டு அட்டைகளையும் விடைகளையும் அருகருகே அறிக்கையில் இணைத்தேன்.