உபதலைப்புகளைத் தாண்டி வேதாகமத்தை வாசிப்பது எப்படி?

வேதபாட வகுப்பு எடுக்கிறவர்கள், ஜெபக்கூட்டத்தில் செய்தி கொடுக்கிறவர்கள், வீட்டில் தினமும் ஒரு பகுதி வாசிக்கிறவர்கள், எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். உங்கள் பைபிளில் தடித்த எழுத்தில் வருகிற உபதலைப்புகள் வேதவசனம் இல்லை. அதிகார எண்ணும் வசன எண்ணும்கூட மூலத்தில் இல்லாதவை. இது பலருக்குத் தெரியும், ஆனாலும் வாசிக்க உட்கார்ந்ததும் தலைப்பு தொடங்குகிற இடத்தில் தொடங்கி அடுத்த தலைப்பு வந்ததும் நிறுத்திவிடுகிறோம், எங்கே தொடங்குவது எங்கே முடிப்பது என்பதை அச்சிட்டவர்களே நமக்காக முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதலில் யார் எதைச் செய்தார்கள் என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். இன்றைய அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பாரிஸில் ஆசிரியராக இருந்து பிறகு காண்டர்பரி பேராயர் ஆனவர் அவர். புதிய ஏற்பாட்டு வசன எண்களை 1551இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் கொடுத்தவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர். எபிரெய வேதத்தில் வசனம் முடிகிற இடத்தைக் காட்டும் குறி அதற்கு வெகுகாலம் முன்பே உண்டு, எண்கள் பிறகுதான் வந்தன. தலைப்பு வைக்கிற பழக்கம் லாங்டனைவிட மிகவும் பழையது: 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அலெக்சாந்திரியக் கையெழுத்துப் பிரதி என்ற கிரேக்க வேதாகமப் பிரதியிலேயே சுவிசேஷங்களுக்குப் பகுதித் தலைப்புகள் இருக்கின்றன. அந்த முறையில் மத்தேயுவுக்கு 68 பகுதிகள், அவற்றில் முதலாவது தொடங்குவது சாஸ்திரிகள் வருகிற 2ஆம் அதிகாரத்தில்! வம்ச அட்டவணைக்கும் இயேசுவின் பிறப்புக்கும் தலைப்பே கிடையாது. ஆக, காலத்துக்கு ஒரு மாதிரி பிரித்திருக்கிறார்கள். 1611இல் வந்த ஜேம்ஸ் அரசர் ஆங்கிலப் பதிப்பில் பத்தி தொடக்கத்தைக் காட்டும் குறி அப்போஸ்தலர் 20:36 வரைக்கும் வரும், அதன் பிறகு புதிய ஏற்பாடு முடியும்வரை ஒன்றுகூட இருக்காது.

சரி, இப்போது உங்கள் பைபிளை எடுங்கள். பலர் வீட்டில் இருக்கிற பழைய திருப்புதல் (பழைய தமிழ் மொழிபெயர்ப்பு) பதிப்புகளில் உபதலைப்பே இருக்காது, அதிகாரமும் வசனமும் மட்டும்தான். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் ஈ.ஆர்.வி. தமிழ் பைபிளிலும் தலைப்புகள் நிறைய. உங்களிடம் இருப்பதில் எது மூலத்தில் உள்ளது, எது பதிப்பாளர் சேர்த்தது என்று பிரித்துப் பார்க்கிறதுதான் முதல் வேலை. சங்கீதத்தில் நிறைய பேர் இங்கே தடுமாறுகிறார்கள். 51ஆம் சங்கீதத்தின் மேலே நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்ததைச் சொல்லும் வரி சின்ன எழுத்தில் இருக்கிறதே, அது எபிரெய மூலத்திலேயே உள்ளது. எபிரெய வேதத்தில் அதற்கு வசன எண்ணும் உண்டு, அதனால்தான் நமக்கு 1ஆம் வசனமாக இருப்பது அங்கே 3ஆம் வசனம். அதற்கும் மேலே 'பாவமன்னிப்புக்காக மன்றாட்டு' என்பது போல ஒன்று அச்சிட்டிருந்தால் அது பதிப்பாளர் வைத்தது. 119ஆம் சங்கீதத்தில் ஆலெப், பேத் என்று போட்டிருப்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது: எட்டெட்டு வசனமாக 22 எழுத்துகளில் தொடங்குகிற அமைப்பு கவிதைக்குள்ளேயே இருப்பது, எழுத்தின் பெயரைத் தனியாக மேலே போட்டது பின்னால் வந்தவர்கள்.

அடுத்தது, அதிகாரம் மாறுகிற இடத்தை எப்போதும் சோதித்துப் பாருங்கள். எந்தப் பகுதியை எடுத்தாலும் அதற்கு முன்னால் ஐந்தாறு வசனம், பின்னால் ஐந்தாறு வசனம் வாசித்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால்கூடப் போதும் என்பேன். ஏசாயா 53ஐ அந்த எண்ணிலிருந்தே தொடங்குகிறோம், ஆனால் துன்பப்படும் தாசனைப் பற்றிய பாடல் 52:13இலேயே தொடங்கிவிடுகிறது, அவர் உயர்த்தப்படுவார் என்ற வார்த்தையோடு. 'நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல, நீங்கள் என்னைப் பின்பற்றுகிறவர்களாயிருங்கள்' என்ற 1 கொரிந்தியர் 11:1, பத்தாம் அதிகாரத்துப் பேச்சின் முடிவு. எஜமான்களுக்குச் சொன்ன கொலோசெயர் 4:1, வேலைக்காரருக்குச் சொன்ன மூன்றாம் அதிகாரத்து வசனங்களோடு ஒட்டியது. பிரித்து வாசித்தால் வேலைக்காரருக்கு மட்டும் புத்தி சொன்னது போல ஆகிவிடும்.

லூக்கா 21இல் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழை விதவை இரண்டு காசு போடுகிற சம்பவம், நான்கே வசனம், பெரும்பாலும் 'விதவையின் காணிக்கை' என்ற மாதிரி ஒரு தலைப்போடு தனியாக நிற்கும். காணிக்கை எடுப்பதற்கு முன்னால் இதை வாசித்து உற்சாகப்படுத்துவது நம் சபைகளில் சாதாரணம். அதிகார எண்ணை மறைத்துவிட்டு 20:45இலிருந்து 21:6 வரை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். வேதபாரகர், அதாவது யூத வேதத்தைப் போதிக்கிறவர்கள், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறார்கள், பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிறார்கள் என்று இயேசு எச்சரிக்கிறார். உடனே நிமிர்ந்து பார்க்கிறார், ஒரு விதவை தன் ஜீவனத்துக்கு இருந்ததெல்லாம் பெட்டியில் போடுகிறாள். அதற்கு அடுத்து சிலர் தேவாலயத்தின் அழகைப் புகழ, ஒரு கல்லின்மேல் ஒரு கல்லிராதபடி இடிக்கப்படும் என்கிறார். அவளுடைய அர்ப்பணிப்பை அவர் மெச்சுகிறார் என்பதில் மாற்றமில்லை, ஆனால் அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் மேல் அவருக்கு இருக்கிற கோபமும் அதே பகுதியில்தான் இருக்கிறது, அது அதிகார எண்ணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டதால் நம் காதில் விழுவதில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மாற்கு 12இல் இதே சம்பவத்துக்கு நடுவே அதிகாரம் மாறுவதில்லை, ஆனால் அங்கேயும் பல பதிப்புகளில் சரியாக நடுவில் ஒரு உபதலைப்பு வந்து உட்கார்ந்திருக்கும்.

இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துத் தலைப்புகளை மட்டும் ஒப்பிடுவது இன்னொரு நல்ல வழி. தலைப்பு இடம் மாறுகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கும். எபேசியர் 5 இதற்குச் சரியான உதாரணம். ஈ.எஸ்.வி. ஆங்கிலப் பதிப்பில் குடும்பத்தைப் பற்றிய தலைப்பு 22ஆம் வசனத்துக்கு மேலே வரும், அதாவது 'மனைவிகளே' என்று தொடங்கும் இடத்தில். என்.ஆர்.எஸ்.வி. என்ற இன்னொரு ஆங்கிலப் பதிப்பில் 21க்கு மேலே வரும், 'ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்' என்ற வசனத்தில். என்.ஐ.வி. ஆங்கிலப் பதிப்பு 1984இல் 22க்கு மேலே வைத்தது, 2011இல் 21க்கு மேலே நகர்த்தியது. மிகப் பழைய கிரேக்கப் பிரதிகளில் 22ஆம் வசனத்தில் கீழ்ப்படியுங்கள் என்ற வினையே இல்லை, 21இலிருந்துதான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படியிருக்க நடுவில் தலைப்பைப் போட்டு வெட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், ஆனால் திருமண ஆராதனையில் இதை வாசிக்கிறவர் 21இலிருந்து தொடங்குகிறாரா 22இலிருந்தா என்பது அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாரும் கேட்கிற செய்தியையே மாற்றிவிடும்.

தலைப்பின் வார்த்தைகளையும் கேள்வி கேளுங்கள். லூக்கா 15இல் 'கெட்ட குமாரன்', 'காணாமற்போன மகன்' என்றெல்லாம் சொல்லிப் பழகிவிட்டோம். உவமை தொடங்குவதோ ஒரு மனுஷனுக்கு இரண்டு குமாரர் இருந்தார்கள் என்று. அதிகாரத்தின் முதல் இரண்டு வசனத்தில் முறுமுறுக்கிறவர்கள் பரிசேயரும் வேதபாரகரும், உவமையின் கடைசியில் வீட்டுக்குள் வராமல் வெளியே நின்று முறுமுறுக்கிறவன் மூத்தவன். இளையவனை மட்டும் தலைப்பில் வைத்ததும் மூத்தவன் பின்குறிப்பு போல ஆகிவிடுகிறான். இந்தத் தலைப்பு இல்லாவிட்டால் நான் எங்கே கவனிப்பேன் என்று ஒவ்வொரு முறையும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

தலைப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தேடுகிற பகுதியைச் சட்டென்று கண்டுபிடிக்க அது வேண்டும். திருவிவிலியத்தில் சுவிசேஷத் தலைப்புகளுக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் கொடுத்திருக்கிற இணைப் பகுதிகள் பெரிய உதவி, அவற்றைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். வாசித்து முடித்த பிறகு பயன்படுத்துங்கள் என்பதுதான் நான் சொல்வது.

சபையில் சத்தமாக வாசிக்கிறவர்களுக்கு ஒன்று: பதிப்பாளர் வைத்த உபதலைப்பை வாசிக்காதீர்கள், கேட்கிறவருக்கு அது வசனமாகவே கேட்கும். சங்கீதத்தின் மேற்குறிப்பை வாசிக்கலாம், அது மூலத்தில் உள்ளது.

பழகிப் பார்க்க மாற்கு 2:1 முதல் 3:6 வரை எடுத்துக்கொள்ளுங்கள். பைபிள் கேட்வே தளத்தில் பக்க அமைப்புக்குப் போய்த் தலைப்பையும் வசன எண்ணையும் எடுத்துவிடலாம், இல்லையென்றால் வசனங்களை ஒரு கோப்பில் ஒட்டி நீங்களே நீக்கிவிடுங்கள். திமிர்வாதக்காரன், லேவியின் வீட்டு விருந்து, உபவாசம், கதிர் கொய்தது, சூம்பின கை என்று வழக்கமாக ஐந்து தலைப்பு, நடுவில் ஒரு அதிகார மாற்றம் வேறு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எதிர்ப்பவர்களை மட்டும் பின்தொடருங்கள். முதலில் மனசுக்குள் நினைக்கிறார்கள். அப்புறம் சீஷர்களிடம் கேட்கிறார்கள். அப்புறம் இயேசுவிடமே சீஷர்களைப் பற்றிக் கேட்கிறார்கள், ஓய்வுநாளில் செய்யத்தகாததைச் செய்கிறார்கள் என்று அவரிடமே குற்றம் சொல்கிறார்கள். கடைசியில் எதுவும் கேட்காமல், குற்றஞ்சாட்டும்படி அவரை நோக்கிக்கொண்டே இருக்கிறார்கள், வெளியே போய் ஏரோதியரோடு (ஏரோது ஆட்சியின் ஆதரவாளர்களோடு) சேர்ந்து கொலைக்கு ஆலோசனை பண்ணுகிறார்கள். இப்போது இந்த முழுப் பகுதிக்கும் நீங்களே ஒரு தலைப்பு எழுதுங்கள், பென்சிலால், ஓரத்தில். பிறகு உங்கள் பைபிளில் அச்சான ஐந்து தலைப்புகளோடு அதை வைத்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் தயாராகுங்கள்.