வகுப்பில் கைதட்டல் வாங்கிய லேபிளை அச்சுக்குத் தயார் செய்வது எப்படி?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஒரு மகளிர் சுய உதவிக் குழு ஜவ்வாது மலைச் சாமை அரிசியை அரைக் கிலோ பாக்கெட்டில் விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நீங்கள் செய்த லேபிளுக்கு டிசைன் வகுப்பில் நல்ல மார்க். ஆனால் அது கடைக்குப் போக இன்னும் நாலைந்து நாள் வேலை பாக்கி இருக்கிறது.

முதலில், அசல் அளவிலேயே சாதாரணத் தாளில் பிரிண்ட் எடுத்து, வெட்டி, அரிசி நிரப்பிய பாக்கெட்டில் ஒட்டுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது தெரியாத குறையெல்லாம் இப்போது தெரியும். 6 பாயின்ட் அளவு எழுத்தில் ண, ன சுழிகள் மை அடைத்துக்கொள்ளும். மெய்யெழுத்துப் புள்ளி மறைந்துவிடும். தமிழுக்கு 8 பாயின்டுக்குக் கீழே இறங்காதீர்கள். கரும்பச்சை மேல் வெள்ளை எழுத்து என்றால் 9, அதுவும் தடித்த எழுத்தாக.

அடுத்து அந்தப் பாக்கெட்டோடு குழுவிடம் போங்கள். "நல்லா இருக்காக்கா?" என்று கேட்டால் "நல்லா இருக்குப்பா" என்றுதான் பதில் வரும். படிக்கிற பிள்ளைகள் மனசு நோகக் கூடாதே! கேள்வியை மாற்றுங்கள்: "அக்கா, இதுல எடை எங்க போட்டிருக்கு? விலை எவ்ளோ?" அவர் விரல் எங்கெல்லாம் அலைகிறது என்று கவனியுங்கள். ஐந்து பேரில் இரண்டு பேர் தேடினாலே அந்த இடம் தப்பு. மலை, கதிர், கோலம் மூன்றும் போட்டிருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்ச இடத்தைப் பெயருக்கும் எடைக்கும் கொடுங்கள்.

கட்டாய விவரங்களைக் கடைசியில் திணிக்க முடியாது. இப்போதே இடம் ஒதுக்குங்கள். நிகர எடை, வரிகள் உட்பட விலை, பொதிந்த நாள், தயாரிப்பாளர் முகவரி, புகார் தெரிவிக்கும் எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) தரும் 14 இலக்க உரிம எண், சைவக் குறி முதலியவை. 15 × 22 செ.மீ. கவருக்குச் சைவக் குறியின் பச்சை வட்டம் குறைந்தது 4 மி.மீ. விட்டம், சுற்றிய கட்டத்தின் பக்கம் அதில் இருமடங்கு.

தேதி போடும் இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பளபள லாமினேஷன் மேல் ரப்பர் ஸ்டாம்ப் மை காயாது, கை பட்டால் இழுபடும். லேபிளுக்குப் பளபளப்பில்லாத மேட் காகிதமே போதும்.

அளவில்தான் குழுவின் காசு இருக்கிறது. டிஜிட்டல் அச்சில் 12 × 18 அங்குலத் தாள் வழக்கம். லேபிள் 9 × 7 செ.மீ. என்றால், சுற்றிலும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது வெள்ளை ஓரம் தெரியாமல் இருக்க நீட்டி அச்சடிக்கும் பகுதி) சேர்த்து, தாளின் ஓரத்தில் 5 மி.மீ. விட்டால் ஒரு தாளில் 15 வரும். உயரத்தை 6.8 ஆக்கினால் 18 வரும். 2 மி.மீ.க்கு மூன்று லேபிள்! அச்சகத்தில் ஓரம் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில், தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் 'வேலூர்' என்பதில் இரட்டைக்கொம்பு வ-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அது சரியானபின் எழுத்தை அவுட்லைன் ஆக்கி (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக்கி), நிறத்தை அச்சின் நான்கு மை நிறங்களான சி.எம்.ஒய்.கே.வுக்கு மாற்றி, பி.டி.எஃப். எடுங்கள். முதலில் ஒரே ஒரு தாள் அடிக்கச் சொல்லி, பாக்கெட்டில் ஒட்டி, தேதி குத்திப் பாருங்கள்.

அவுட்லைன் ஆக்காத கோப்பையும் எழுத்துருவையும் பென் டிரைவில் போட்டுக் குழுவிடம் கொடுங்கள். அடுத்த அறுவடையில் விலை மாறும்போது அவர்கள் உங்களைத் தேடி அலையக் கூடாது.