சீன மொழி ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிற்சி: மூன்றாம் தொனியைச் சரிசெய்வது எப்படி?

கோடை விடுமுறையில் கண்ணில் படும் பயிலரங்குக்கெல்லாம் பெயர் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு குறையை எடுத்து அதை வேரோடு சரிசெய்தால் அடுத்த ஆண்டு வகுப்பே மாறும். எந்தக் குறை என்பதை உங்கள் வகுப்பே சொல்லும். பள்ளி மூடுவதற்குள், அனுமதி பெற்று, இரண்டு வகுப்புகளை ஒலிப்பதிவு செய்யுங்கள். விடுமுறை தொடங்கியதும் ஒவ்வொன்றிலும் 15 நிமிடங்களைச் சொல்லுக்குச் சொல் எழுதி, மாணவர் தவறிய இடத்தையும் அதற்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் குறியுங்கள்.

மாண்டரின் (பொதுச் சீனம்) வகுப்பென்றால், சொல்லின் பொருளையே மாற்றும் நான்கு சுருதி வடிவங்களில், அதாவது தொனிகளில், மூன்றாவதில் நிறையக் குறிகள் விழும். காரணம், அதைக் கற்றுத்தரும் விதம். இறங்கி ஏறும் 214 வடிவத்தை (1 மிகத் தாழ்ந்த சுருதி, 5 மிக உயர்ந்தது) முதலில் காட்டுகிறோம். ஆனால் தொடர்பேச்சில் அந்த ஏற்றம் பெரும்பாலும் வராது. குரல் 21 என்று தாழ்ந்து அங்கேயே நிற்கும். 'லாவ்ஷி' (ஆசிரியர்) என்பதில் முதல் அசையை மாணவர் ஏற்றிவிட்டால் அது இரண்டாம் தொனியாகவே காதில் விழும். ஆகவே தாழ்ந்த வடிவத்தை முதலில் பழக்குங்கள். அடுத்து, இரண்டு மூன்றாம் தொனிகள் சேரும்போது முன்னது இரண்டாம் தொனியாவதை 'நி ஹாவ்' (வணக்கம்) கொண்டு காட்டுங்கள். முழு 214 கடைசியில் வரட்டும்.

இதற்கான பயிற்சித்தாளை விடுமுறையிலேயே தயாரித்துவிடலாம். முதல் அசைக்கு நான்கு தொனிகள், இரண்டாவதற்கு மெல்தொனியோடு (அழுத்தமின்றிக் குறுகி ஒலிப்பது) ஐந்து: மொத்தம் 20 சேர்க்கைகள். சேர்க்கைக்கு ஐந்து சொற்கள் போதும். மாணவர் ஏற்கெனவே அறிந்த சொற்களாகவே இருக்கட்டும். புதுச்சொல் என்றால் கவனம் பொருளுக்குப் போய்விடும்.

உங்கள் உச்சரிப்பையும் குரலின் சுருதியைக் கோடாக வரைந்துகாட்டும் 'பிராட்' (Praat) என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். சுருதி வரம்பை ஆண் குரலுக்கு 75–300, பெண் குரலுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என்று வைத்துத் தொடங்கலாம். மூன்றாம் தொனியின் அடியில் கோடு அறுந்து தெரிந்தால் பதறவேண்டாம். அங்கே குரல் கரகரத்து அதிர்வு சீரற்றுப்போவதால் மென்பொருளால் பின்தொடர முடிவதில்லை. அது உச்சரிப்புப் பிழை அல்ல.

பிறகு, சக ஆசிரியர் ஒருவரை மாணவராக உட்காரவைத்து 10 நிமிடம் பாடம் நடத்துங்கள். அவர் வேண்டுமென்றே தவறட்டும். உடனே சரியான ஒலியைச் சொல்லிவிடாதீர்கள். மாணவர் அதைத் தன் பதிலுக்கான ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடக்கூடும். கையைத் தாழ்த்திக் காட்டி, அவரே திருத்தும்வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் கடினம், அதைத்தான் அதிகம் பழகவேண்டும்.

2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மூன்று கட்ட, ஒன்பது நிலைச் சீன மொழித்திறன் தரவரிசையோடு உங்கள் சொற்பட்டியலையும் ஒப்பிடுங்கள். பழைய எச்எஸ்கே (சீன மொழித்திறன் தேர்வு) முதல் நிலையில் 150 சொற்கள். புதிய தரவரிசையின் முதல் நிலையில் 500.

இவற்றுக்கு மேல் ஒரு பயிலரங்குக்கும் நேரமிருந்தால், சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: நான் பாடம் நடத்திக்காட்டி, அதற்குக் கருத்து கிடைக்குமா? இல்லையென்றால் அந்தக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.